நீலக்கொடி ஏறிய பின்

போர்ட் பிளேரில் ஷாதிபூரிலிருந்து மோகன்புரா பேருந்து நிலையத்துக்கு, விடியுமுன் போக ஆட்டோக்காரர் நூற்றைம்பது ரூபாய் கேட்டார். தூத்துக்குடியில் இந்தத் தூரத்துக்கு இவ்வளவு கேட்டிருந்தால் அந்த ஆளை ஒரு வழி பண்ணியிருப்பேன். இங்கே வாயை மூடிக்கொண்டு ஏறினேன். முப்பது வருடமாகப் போக நினைத்த இடத்துக்குக் கிளம்பும்போது வாசலிலேயே சண்டை எதற்கு?

போகிற இடம் திக்லிப்பூர். வட அந்தமானின் கோடியில் இருக்கிற ஊர். முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. நடுவில் பேருந்தையே படகில் ஏற்றிக் கடலைத் தாண்ட வேண்டும். சுற்றுலா வருகிறவர்கள் பெரும்பாலும் அவ்வளவு தூரம் வருவதில்லை. பக்கத்துத் தீவுகளின் வெள்ளை மணலில் படம் எடுத்துக்கொண்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். நான் மணல் பார்க்கப் போகவில்லை. ஒரு ஆளைப் பார்க்கப் போனேன். அந்த ஆள் செத்து இருநூறு வருடத்துக்கு மேல் ஆகிறது.

சிரிக்க வேண்டாம். வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடித் துறைமுகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தபோது, மதியச் சாப்பாட்டு நேரத்தில் தூங்காமல் இருக்க அங்கிருந்த சின்ன நூலகத்துக்குப் போவேன். அங்கே அட்டை கிழிந்த ஒரு கடற்படை வரலாற்றில் இருந்தது அவர் படம். அழகன் ஒன்றும் இல்லை. சிவந்த தடித்த கன்னம், பிடிவாதமான வாய். பிரிட்டிஷ் கடற்படையில் பதினொரு வயதில் கப்பல் ஏறியவர். ஐந்தே கப்பல்களை வைத்துக்கொண்டு ஒரு பெரிய பிரெஞ்சுப் படையிடமிருந்து தப்பியவர். பின்னால் ஒரு பெரும்படை வருவதுபோல இல்லாத கப்பல்களுக்கு அடையாளக் கொடி காட்ட வைத்தார். எதிரி அதை நம்பித் திரும்பிப் போய்விட்டான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவே இல்லை. எனக்கும் ஆகவில்லை. அதற்கு இவர்தான் காரணம் என்று என் தங்கை இன்றைக்கும் கேலி பண்ணுவாள். இல்லை என்று நானும் அடித்துச் சொன்னதில்லை.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அதற்குக் காரணம் லெட்சுமி.

லெட்சுமி ஷாதிபூரில் நான் தங்கியிருந்த வீட்டுக்காரி. நாற்பத்தைந்து வயது இருக்கும். அவள் தாய் தகப்பன் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டு, நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர்கள். அவள் பிறந்தது கச்சாலில். ஒரே மகள் மெயின்லேண்டில் நர்ஸிங் படிக்கிறாள். மெயின்லேண்ட் என்றால் நம் ஊர்தான்; அங்கே எல்லோரும் இந்தியப் பெருநிலத்தை அப்படித்தான் சொல்கிறார்கள். வீட்டுக்காரர் தீவுகளுக்கு நடுவே ஓடும் கப்பலில் வேலை பார்க்கிறார். கயிறு, நங்கூரம் எல்லாம் அவர் பொறுப்பு.

வந்த முதல் நாள் சாயங்காலம், வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டேன். "எங்க நீலக்கொடியா? அவரு எங்க கரையில நிப்பாருக்கா!" என்றாள்.

கையிலிருந்த தேநீரை அப்படியே கீழே வைத்துவிட்டேன். துறைமுகத்தில் நிற்கிற கப்பல் கிளம்பப்போகிறது என்றால் ஒரு கொடி ஏற்றுவார்கள். நீலம், நடுவில் வெள்ளைச் சதுரம். கரையில் இருக்கிறவன் எல்லாம் உடனே வந்து ஏறு என்று அர்த்தம். என் ஆளுக்கு அவருடைய மாலுமிகள் வைத்த பட்டப்பெயரும் அந்தக் கொடியை வைத்துத்தான். வருடக்கணக்காக எதிரியின் துறைமுகத்துக்கு வெளியே காவல் நிற்பார். புயல் அடித்துத் துரத்தினால்தான் சொந்தக் கரைக்கு வருவார். வந்து நங்கூரம் போட்ட கையோடு அந்த நீலக்கொடியை ஏற்றச் சொல்லிவிடுவார். பாவம், ஒரு பயல் வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட முடியாது.

"ஏன் அவரை அப்படிச் சொல்லுத?" என்று கேட்டேன்.

"வீட்டுக்கு வருவாரு, சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டுவாரு, கப்பல் நிக்கிற ஜெட்டிப் பக்கமே பாத்துக்கிட்டு இருப்பாரு. கொடி ஏறுனா போதும், சாப்பிட்ட கைகூடக் காயாது. பேரைச் சொல்லக் கூடாதில்ல, அதான் நீலக்கொடி."

"பேரு என்ன, சொல்லக் கூடாதா?"

"ஐயோ, புருசன் பேரை எப்படிக்கா சொல்றது? உங்க ஊரு கடல்ல என்னா எடுப்பாங்க?"

"உப்பு."

"உப்பு இல்லக்கா! முந்திக் காலத்துல."

"முத்து."

"ஆங்! அதுகூட ஒரு சாமி."

முத்துசாமி. கொஞ்சம் விட்டிருந்தால் மனுஷனை உப்புசாமி ஆக்கியிருப்பேன். இருவரும் சிரித்து முடிக்க நேரமாயிற்று. கட்டின பெண்டாட்டி இவ்வளவு காப்பாற்றுகிற பெயரைப் பார்த்த பிறகு, என் ஆள் பெயரை நான் மட்டும் ஊரறிய எழுதுவது சரியில்லை என்று பட்டது. அன்றைக்கே முடிவு பண்ணினேன்.

நான் திக்லிப்பூர் போகிறேன் என்றதும் அவளும் கிளம்பிவிட்டாள். அவளுக்கு அங்கே என்னைவிட அவசரமான காரியம் இருந்தது. திக்லிப்பூருக்குப் பக்கத்தில் ஏரியல் பே என்ற துறை. அங்கே ஜெட்டியில் நின்று, வருகிற கப்பல்களின் கயிற்றை வாங்கிக் கட்டும் வேலையில் ஒரு இடம் காலியாகியிருந்தது. கரை வேலை, கூடவே ஒரு குவார்ட்டர்ஸ். அதை முத்துசாமிக்கென்று நிறுத்தி வைத்திருந்தார்கள். நாங்கள் போய்ச் சேரும் மறுநாள் அவர் கப்பல் அங்கே வருகிறது. அது திரும்பக் கிளம்புவதற்குள் அவரே வந்து சரி என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"போன்ல சரின்னுதான் சொன்னாரு," என்றாள் லெட்சுமி. "அப்புறம் போனையே ஆஃப் பண்ணிட்டாரு. எனக்குத் தெரியும்க்கா. எறங்க மாட்டாரு."

நாலு மணிக்குப் பேருந்து கிளம்பியது. ஜிர்காட்டாங் சோதனைச் சாவடியில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, ஆறு மணிக்கு மொத்தமாக விட்டார்கள். அதற்கு அப்புறம் காடு. ஜாரவா பழங்குடி மக்கள் வாழும் காடு என்பதால் வண்டி எங்கும் நிற்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. ஜன்னலுக்குக் கிட்டே மரங்கள் அவ்வளவு உயரத்துக்கு நின்றன. நான் தலையை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலி வாங்கிக்கொண்டேன்.

நடு நீரிணை என்ற இடத்தில் பேருந்து படகில் ஏறியது. எல்லோரும் இறங்கிப் படகின் ஓரத்தில் நின்றோம். இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள். தண்ணீர் பச்சையாக, அசைவில்லாமல் கிடந்தது. எனக்குத் தண்ணீரைப் பார்த்தாலே வாய் திறந்துவிடும். என் ஆளின் கதையை எடுத்துவிட்டேன். அவர் இந்தியக் கடல்களுக்குத் தளபதியாக வந்தது, அண்ணன் கல்கத்தாவில் பெரிய பதவியில் இருந்தது, இப்போது போர்ட் பிளேர் இருக்கிற துறைமுகத்துக்கு முதலில் இவர் பெயரையே வைத்தது, வடகிழக்கில் இருக்கிற விரிகுடா போர்க்கப்பல் நிறுத்த இன்னும் தோது என்று குடியேற்றத்தையே அங்கே தூக்கிக்கொண்டு போனது, பெயரும் கூடவே போனது.

"அங்க நல்லா இருந்தாங்களா?" என்று கேட்டாள்.

"எங்க? காய்ச்சல்ல கொத்துக் கொத்தாச் செத்தாங்க. நாலஞ்சு வருசத்துல விட்டுட்டு ஓடிட்டாங்க."

"அவரு?"

"அவருக்கு என்ன, அவரு கப்பல்ல இருந்தாரு."

சொல்லி முடித்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுனாமியன்னிக்கு இவரும் கப்பல்லதாங்க்கா இருந்தாரு," என்றாள். "நான் பிரசவத்துக்கு போர்ட் பிளேர் வந்துட்டேன். இவரு நடுக்கடல்ல. கப்பல் கொஞ்சம் தூக்கிப் போட்டுச்சாம், அம்புட்டுத்தான். டீ கூடச் சிந்தலைன்னு சொல்லுவாரு. கச்சால்ல எங்க மாமியார் கரையோரமா இருந்தாங்க. ஒண்ணுமே கிடைக்கலக்கா, ஒரு துணிகூட. அன்னிலேர்ந்து சொல்றாரு, கரைதான் ஆளை முழுங்கும், கப்பல் முழுங்காதுன்னு. வீட்டுல படுத்தா தூக்கம் வராது. எந்திரிச்சு எந்திரிச்சு உக்காருவாரு."

வாய்க்கு வந்ததைப் பேசினேனே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். படகு கரை தட்டியது.

பன்னிரண்டு மணிக்கு ரங்கத்தில் சாப்பாடு. சோறு, பருப்பு, மீன் வறுவல், நூற்றிருபது ரூபாய். மீனுக்கு மட்டும் இருநூறு கொடுக்கலாம். அதற்கு அப்புறம் மாயாபந்தர் வரை தூக்கம். திக்லிப்பூரில் இறங்கியபோது இருட்டிவிட்டது. இந்தத் தீவுகளில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் கடையைச் சாத்திவிடுகிறது. வங்காளிக் குடும்பம் ஒன்று நடத்தும் விடுதியில், இருவருக்கும் சேர்த்து எண்ணூறு ரூபாய் வாடகைக்கு ஒரு அறையில் படுத்தோம். லெட்சுமி இரண்டு தடவை வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஏரியல் பே. திக்லிப்பூரிலிருந்து பத்துக் கிலோமீட்டர். மீன்பிடிப் படகுகள், இரண்டு டீக்கடை, ஒரு நீண்ட ஜெட்டி. அதைத் தாண்டி வெளிச்சமாகக் கடல். தெற்கே ஒரு மலைமுகடு நீரில் இறங்கியது. அதற்கு அப்பால் இருக்கிறது என் ஆளின் விரிகுடா. அவ்வளவு கிட்டே. ஆனால் முதலில் லெட்சுமியின் காரியம்.

பத்து மணிக்கு வர வேண்டிய கப்பல் பதினொன்றரைக்கு வந்தது. வெளியே அலை அதிகமாம். தாமதமானதால் எல்லாம் ஓட்டமாக நடந்தது. பயணிகள் இறங்க, மூட்டைகள் இறங்க, வேறு பயணிகள் ஏற. சீட்டு இல்லாதவர்களை ஜெட்டிக்குள் விடவில்லை. சங்கிலிக்கு இந்தப் பக்கம் கூட்டத்தோடு நின்றோம். உள்ளே ஜெட்டி அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தார். மலையாளி, நல்ல மனுஷன். காலையிலேயே எங்களைப் பார்த்து, "இன்னிக்கு ஒரு வாய் வார்த்தை சொல்லச் சொல்லுங்க, போதும்," என்று சொல்லியிருந்தார்.

கப்பலின் முன்பக்கத்தில் காக்கிச் சட்டையில் ஒரு ஒல்லி மனிதர், கயிற்றுச் சுருளுக்குப் பக்கத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். "அதோ," என்றாள் லெட்சுமி. அவர் இறங்கவில்லை. கரைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பினால் இவள் நிற்பாள் என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

பன்னிரண்டரைக்குக் கொடி ஏறியது. நீலம், நடுவில் வெள்ளை. முப்பது வருடமாகப் புத்தகத்தில் பார்த்த கொடி. அதை அப்படி ஒரு வயிற்றெரிச்சலோடு பார்ப்பேன் என்று நினைத்ததில்லை.

"ஏட்டி லெட்சுமி, ஒரு பொய் சொல்லுவோமா? உனக்கு மயக்கம் வந்து விழுந்துட்டன்னு ஆள்விட்டுச் சொல்லச் சொல்லுதேன். என் ஆளு பொய்க் கொடி காட்டித்தான ஒரு படையையே ஏமாத்தினாரு."

அவள் வேண்டாமென்று தலையாட்டினாள். "பொய் சொல்லி எறக்குனா, அடுத்த கொடிக்கு ஏறிருவாருக்கா."

சரிதான். கடல் சண்டையில் பலிக்கிற தந்திரம் குடும்பத்தில் எடுபடாது. அவள் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க!" என்று கத்தினாள். அங்கிருந்த தமிழ் ஆம்பிளைகளில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். கப்பலின் மேல் தளத்திலிருந்து ஒரு பெரியவர், "என்னம்மா?" என்றுகூடக் கேட்டார். திரும்ப வேண்டியவர் திரும்பவில்லை.

படிப்பாலத்தைத் தூக்கிவிட்டார்கள். பின்பக்கக் கயிறு அவிழ்ந்து தண்ணீரில் விழுந்தது. லெட்சுமி என்னைப் பார்த்தாள். குழந்தை ஊசிக்கு முன்னால் பார்க்குமே, அப்படி. பிறகு வாயைப் பொத்தியிருந்த முந்தானையை எடுத்தாள்.

"முத்துசாமி."

எனக்கே கேட்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. இரண்டாவது தடவை சத்தமாகத்தான் சொன்னாள். அந்த நேரம் பார்த்துக் கப்பல் சங்கு ஊதியது. சனியன் பிடித்த சங்கு. அது நிற்கும் வரை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்றதும்,

"முத்துசாமீ!"

அவர் திரும்பினார்.

கப்பலில் அவரை எல்லோரும் 'அண்ணா' என்றும் 'மதராஸி' என்றும்தான் கூப்பிடுவார்களாம். வீட்டில் மகளுக்கு அப்பா. அந்தப் பெயரைக் கரையில் நின்று அப்படி நீட்டிக் கூப்பிட்டவள் அவர் தாய் ஒருத்திதான். இதெல்லாம் லெட்சுமி எனக்குப் பிறகு சொன்னது. அப்போது எனக்குத் தெரிந்தது அவர் முகம் மட்டும். நாற்பது அடி தூரத்தில், கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு, யார் கூப்பிட்டது என்று கரை முழுக்கத் தேடினார். ஜெட்டி, டீக்கடை, கூட்டம் என்று தேடி, கடைசியில் இவளைப் பார்த்தார். பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"சோடோ! ரஸ்ஸி சோடோ!" என்று கயிற்றை விடச் சொல்லிக் கத்தினார்கள். அவர் விடவில்லை.

"என்னா சொன்ன?" என்று அங்கிருந்து கேட்டார்.

"எறங்கி வாங்கன்னேன்! தனியா இருக்க முடியலைங்க என்னால! தூக்கம் வரலைன்னா ரெண்டு பேரும் முழிச்சு உக்காந்திருப்போம்!"

வங்காளி, தெலுங்கர், ராஞ்சிக்காரர் என்று பாஷை புரியாதவர்கள்கூட அவளையே பார்த்தார்கள். முத்துசாமி மேலே கொடியைப் பார்த்தார். பிறகு ஜெட்டி அதிகாரியைப் பார்த்துக் கத்தினார். "சாப்! மேரா நாம் லிக்கோ! முத்துசாமி! என் பேரை எழுதிக்கோங்க!"

அப்புறம்தான் கயிற்றை விட்டார்.

கப்பல் அவரையும் கொண்டுதான் போயிற்று. பதிலுக்கு ஆள் வந்து சேரும் வரை ஓடித்தான் ஆக வேண்டும். ஒரு மாதமோ இரண்டோ, யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. மனசு மாறாமல் இருக்க வேண்டும், கடல் சும்மா இருக்க வேண்டும். லெட்சுமி கப்பல் சின்னதாகிற வரை பார்த்துக்கொண்டு நின்றாள். "பேரைச் சொல்லிட்டேனேக்கா," என்று அழுதாள். பிறகு, "நல்லாத்தான் இருக்கு சொல்றதுக்கு," என்று சிரித்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, உங்காளைப் பாக்கப் போவோம்," என்றாள்.

இரண்டு மணிக்கு டுங்கி ஏறினோம். டுங்கி என்பது அங்கே மோட்டார் வைத்த மரப்படகு. ஓட்டியவர் தபன் என்ற வங்காளி; போக வர இரண்டாயிரம். முகட்டைச் சுற்றியதும் விரிகுடா திறந்தது. நான் அதைப் பற்றிப் படித்ததெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. மூன்று பக்கமும் காடு தண்ணீர் வரை இறங்கி நின்றது. நடுவே ஒரு சின்னத் தீவு. அங்கேதான் பழைய குடியேற்றம் இருந்தது. ஒரு போர்க்கப்பல் இல்லை, ஒரு வீடு இல்லை, ஒரு பலகைகூட இல்லை. தண்ணீர் மட்டும் இருந்தது, அவர் பார்த்த அதே தண்ணீர்.

தபன் மோட்டாரை நிறுத்தினார். அந்த அமைதியில் எனக்கு ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் கோபம். இந்த இடம் பிடித்திருக்கிறது என்று அவர் கைகாட்டிவிட்டுப் போய்விட்டார். கைதிகளும் கூலிகளும் சிப்பாய்களும் இங்கே காய்ச்சலில் செத்தார்கள். அவர்கள் பெயர் ஒரு பாறைக்குக்கூட இல்லை. அதற்கும் முன்னால் இங்கே வாழ்ந்தவர்கள் இந்த விரிகுடாவை என்னவென்று கூப்பிட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. அவரோ ஊர் திரும்பி, இன்னும் பல வருடம் கடலில் காவல் நின்று, கடைசியில் கிராமத்தில் போய் அடங்கினார். கல்லறை மேல் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாராம், அப்படிப் படித்திருக்கிறேன். பெயரை எங்கள் கடலில் விட்டுவிட்டுப் போன மனுஷன்.

இத்தனையும் தெரிந்துதான் இத்தனை வருடமும் அவரை நினைத்துக்கொண்டிருந்தேன். துறைமுகத்தில் எத்தனையோ கப்பல்களுக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறேன். யார் யாரையோ யார் யாரோடோ பேச வைத்திருக்கிறேன். நான் பேச ஒரு ஆள் அந்தக் கம்பிகளின் கோடியில் இருந்ததில்லை. இனி தூத்துக்குடிக்குத் திரும்பிப் போய் எதை நினைத்துக்கொண்டு இருப்பேன் என்று அந்தப் படகில் உட்கார்ந்து பயந்தேன்.

"என்னாக்கா, இம்புட்டுத் தூரம் வந்துட்டுச் சும்மா இருக்கீங்க?" என்றாள் லெட்சுமி. "கூப்பிடுங்க."

"ஏட்டி, போ. பைத்தியம்னு நினைப்பாரு இந்தத் தபன்."

"அவருக்குத் தமிழ் தெரியாது."

பெயரில் என்ன தமிழ், இங்கிலீஷ்? இருந்தாலும் எழுந்து நின்றேன். படகு ஆடியது, லெட்சுமி என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். அவர் பெயரைச் சொன்னேன். ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக வாய்விட்டு. எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். காட்டின் ஓரத்திலிருந்து ஒரு கடல் பருந்து கிளம்பி, விரிகுடாவைத் தாண்டிப் போயிற்று. வேறெதுவும் அசையவில்லை.

நான் உட்காரப் போனேன். லெட்சுமி விடவில்லை.

"எனக்கும் மூணாவது தடவைதாங்க்கா திரும்புனாரு," என்றாள்.

மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு கூப்பிட்டேன்.